சிக்னல் முழுசாக இருக்கிறது, வேகம் எங்கே? வயர்லெஸ் லிங்க்கில் பவரும் குறுக்கீடும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரு இடங்களை ரேடியோவால் இணைக்கும் லிங்க் மெதுவாகப் போகிறது என்று புகார் வந்ததும் பெரும்பாலானோரின் கை முதலில் போவது டிரான்ஸ்மிட் பவர் அமைப்புக்குத்தான். 17 டிபிஎம் (பவரை அளக்கும் டெசிபல் அலகு) இருந்தால் 23 ஆக்குவார்கள், 23 இருந்தால் அது எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. எப்போதாவது ஒருமுறை அது பலித்துவிடும். அதுதான் சிக்கலே. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதையே செய்யத் தோன்றும். நான் ஏறிப் பார்த்த லிங்க்குகளில் பவரைக் கூட்டிச் சரியானவற்றைவிட, குறைத்துச் சரியானவையே அதிகம். எதையும் தொடாமல் கனெக்டரை மட்டும் கழற்றி மாட்டிச் சரியானவை அதைவிட அதிகம்.

தொடுவதற்கு முன்

இரண்டு முனைகளிலும் உள்ளே போய் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: வந்து சேரும் சிக்னல் (ஒவ்வொரு செயினுக்கும், அதாவது ரேடியோவின் ஒவ்வொரு ஆன்டெனா இணைப்புக்கும், தனித்தனியாக), நாய்ஸ் ஃப்ளோர் (பின்னணி இரைச்சல்), இரு திசைகளிலும் ஓடும் மாடுலேஷன் வீதம் (ரேடியோ தரவை அனுப்பும் வேகப் படி), ரீட்ரை (மறுபடி அனுப்ப வேண்டிவந்த பாக்கெட்டுகள்) சதவீதம். ஒரு முனையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதி நேரம் தவறான முனையில் வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

டெசிபல் கணக்கு கொஞ்சம் மனதில் இருக்க வேண்டும். 3 டெசிபல் கூடினால் பவர் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட், 30 டிபிஎம் என்பது 1 வாட். வந்து சேரும் சிக்னல் மிகச் சிறியது என்பதால் மைனஸில் தெரியும்: −56 என்பது −74-ஐவிடப் பலம். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்டப் பவரை நான்கு மடங்காக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் லிங்க்குக்கு வர வேண்டிய சிக்னல் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 5 கிலோமீட்டர் தூரம், 5800 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெற்று வெளியில் வழி இழப்பு சுமார் 122 டெசிபல். இரு பக்கமும் 23 டிபிஐ (ஆன்டெனா கெயினின், அதாவது ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு) டிஷ், பவர் 20 டிபிஎம். 20 + 23 + 23 − 122 = −56. அதாவது ரேடியோவில் −56 டிபிஎம் தெரிய வேண்டும். கேபிளும் கனெக்டரும் தின்பதற்கு இரண்டு மூன்று டெசிபல் தள்ளுபடி கொடுக்கலாம். −59 தெரிந்தால் விட்டுவிடுங்கள். −74 தெரிந்தால் கீழே முதல் அறிகுறிக்குப் போங்கள்.

இரைச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலில் இயற்கையான வெப்ப இரைச்சல் −101 டிபிஎம். ரேடியோ தன் பங்குக்குச் சில டெசிபல் சேர்க்கும், எனவே அமைதியான இடத்தில் −95 பக்கம் நிற்கும். சேனலை 40 ஆக்கினால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும், 80 ஆக்கினால் 6. அகலமான சேனல் இலவசம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அறிகுறி: சிக்னல் கணக்கைவிட 15, 20 டெசிபல் குறைவு

இது பவர் பிரச்சினை இல்லை. 20 டெசிபலை ஈடுகட்ட நூறு மடங்கு பவர் வேண்டும், எந்த ரேடியோவிலும் அது கிடையாது.

முதல் சந்தேகம் பக்கக் கதிர். டிஷ்ஷின் நடுக்கதிரின் இருபுறமும் சிறிய கதிர்கள் உண்டு, நடுக்கதிரைவிட 15 முதல் 20 டெசிபல் பலம் குறைந்தவை. அலைன்மென்ட் செய்தவர் சிக்னல் ஏறுவதைப் பார்த்து, இறங்க ஆரம்பித்ததும் திரும்பி வந்து உச்சத்தில் முடுக்கியிருப்பார். அவர் கண்டது பக்கக் கதிரின் உச்சம். சரிசெய்யும் முறை இது: தானியங்கிப் பவரை அணைத்து இரு முனையிலும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள். பிறகு டிஷ்ஷைக் கிடைமட்டமாக அகலமாகச் சுற்றுங்கள், ஒரு உச்சத்தோடு நிற்காதீர்கள். சின்ன மேடு, பள்ளம், பெரிய மேடு, பள்ளம், சின்ன மேடு என்று மூன்றும் தெரிய வேண்டும். நடுவில் இருப்பதே உங்களுக்கு வேண்டியது. அதையே மேலும் கீழுமாகச் செய்யுங்கள். செங்குத்துச் சரிவை யாரும் பார்ப்பதில்லை. உயரமான கோபுரத்திலிருந்து தாழ்வான கூரைக்குப் போகும் குறுகிய லிங்க்கில் தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு முனை முடிந்ததும் மறுமுனை, அப்புறம் முதல் முனைக்கே திரும்பி இன்னொரு தடவை.

அலைன்மென்ட் சரி, ஆனாலும் குறைவு என்றால் பாதையைப் பாருங்கள். எதிர்முனை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அதே 5 கிலோமீட்டர் லிங்க்கின் நடுவில் முதல் ஃப்ரெனெல் வளையத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவும் பகுதி) ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர், நேர்க்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்க வேண்டும். லிங்க் போட்ட வருடம் கோட்டுக்குக் கீழே நின்ற மரம் இப்போது அதற்குள் வந்திருக்கலாம்.

ஒரு செயின் −57, இன்னொன்று −68 என்று பிரிந்து நின்றால் அது வேறு கதை. ரேடியோவில் இரண்டு பிக்டெய்ல்களையும் (ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிள்கள்) இடம் மாற்றி மாட்டுங்கள். பலவீனம் அதே போர்ட்டில் நின்றால் ரேடியோவில் கோளாறு. கேபிளோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோ இருக்கிறது, அல்லது எதிர்முனையில் அதே போலரைசேஷனை (அலை அதிரும் திசை, செயினுக்கு ஒன்று) அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை மறந்து நல்ல ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: சிக்னல் பிரமாதம், வேகம் மட்டும் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

பவரை இரு முனையிலும் 3 டெசிபல் குறைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். மாடுலேஷன் வீதம் இறங்கவில்லையா? இன்னும் 3 குறையுங்கள். வீதம் ஏறினால் விடை கிடைத்துவிட்டது, ரேடியோ தன் குரலைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கிறது. பவர் ஆம்ப்ளிஃபயரை எல்லைக்குத் தள்ளினால் அலைவடிவம் நசுங்கும். எளிய மாடுலேஷன் நசுங்கலைத் தாங்கும், 256-க்யூஏஎம் போன்ற அதிவேக மாடுலேஷன் தாங்காது. ஒரே அலையில் 256 புள்ளிகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கும்போது சின்னக் கோணலே போதும். ரேடியோவின் விவரத்தாளைத் திறந்து பவர் அட்டவணையைப் பாருங்கள். வீதம் ஏற ஏறப் பவர் எண் படிப்படியாக இறங்கியிருக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண் மிகக் கீழ் வீதத்துக்கானது.

இன்னொரு சாத்தியம், பெறும் பக்கம் திணறுவது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரேடியோ −30 டிபிஎம் வரை தாங்க வேண்டும் என்பது தர விதி. அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. மேஜை மேல் இரண்டு டிஷ்களை எதிரெதிரே வைத்துச் சோதித்துவிட்டு 'ரேடியோ சரியில்லை' என்று திருப்பி அனுப்புபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இருநூறு மீட்டர் லிங்க்குக்குப் பெரிய டிஷ் போட்டு, முழுப் பவரும் விட்டாலும் அந்த எல்லையை நெருங்கிவிடுவீர்கள்.

பவரைக் குறைத்ததும் வீதமும் கூடவே இறங்குகிறதா? அப்படியானால் பழைய எண்ணுக்குத் திரும்பி, குறுக்கீட்டைத் தேடுங்கள். இங்கே ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். குறுக்கீடு கெடுப்பது கேட்பவரைத்தான், பேசுபவரை இல்லை. மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குப் போகும் தரவு மெதுவாக இருந்தால் சத்தம் கிழக்கில் இருக்கிறது. ஸ்கேன் செய்ய வேண்டிய இடமும் கிழக்குதான். நாம் உட்கார்ந்திருக்கும் முனையில் ஸ்கேன் போட்டு 'இங்கே சுத்தமாக இருக்கிறதே' என்று சொல்வதில் பயனில்லை.

திரையில் தெரியும் நாய்ஸ் ஃப்ளோரை முழுசாக நம்பவும் வேண்டாம். விட்டுவிட்டு வரும் பாக்கெட்டுகள் பல ரேடியோக்களில் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. −95 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டே ரீட்ரை 30 சதவீதத்தில் ஓடும். ஸ்பெக்ட்ரம் பார்வை இருந்தால் அதைத் திறந்து, பகலில் ஒருமுறையும் பயன்பாடு உச்சத்தில் இருக்கும் மாலையில் ஒருமுறையும் குறைந்தது பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஸ்கேன் ஓடும்போது பல ரேடியோக்களில் லிங்க் அறுந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பக்கத்து சேனல்தானே என்று அலட்சியம் வேண்டாம். பழைய 802.11ஏ (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை) தர விதியின்படி, 6 மெகாபிட் வீதத்தில் ஓடும் ரேடியோ தன் சிக்னலைவிட 16 டெசிபல் பலமான அடுத்த சேனல் சிக்னலைச் சகித்துக்கொள்ள வேண்டும். 54 மெகாபிட்டில் அந்தச் சகிப்பு −1 டெசிபல், அதாவது அடுத்த சேனல்காரர் உங்களைவிடச் சற்று மெதுவாகவே பேச வேண்டும். நல்ல ரேடியோ இதைவிட நன்றாகவே செய்யும். ஆனாலும் திசை புரிகிறது அல்லவா? வேகமாகப் போக ஆசைப்படும் லிங்க்தான் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு முதலில் சுருண்டு விழும்.

சரிசெய்யும் வரிசை என்னைக் கேட்டால் இப்படி: முதலில் சேனலை மாற்றுங்கள். கிடைக்கவில்லை என்றால் சேனலைக் குறுக்குங்கள். 80-லிருந்து 40-க்கு வந்தால் இரைச்சலில் 3 டெசிபல் லாபம், அடுத்தவர் வந்து மோதும் இடமும் பாதியாகிறது. நெரிசலான இடத்தில் 80-இல் தள்ளாடுவதைவிட 40-இல் நிலையாக ஓடுவது நிஜத்தில் அதிகத் தரவைக் கொண்டுபோகும். அதுவும் போதவில்லை என்றால் கெயின் அதிகமான ஆன்டெனா. பவர் பேசுவதற்கு மட்டுமே உதவும். ஆன்டெனா கெயின் பேசவும் உதவும், கேட்கவும் உதவும், கதிர் குறுகுவதால் பக்கத்துச் சத்தத்தையும் தள்ளி வைக்கும். பவர் கூட்டுவது வரிசையில் கடைசி. அதைக் கூட்டினால் கேட்கும் தூரத்தில் உள்ள மற்றவர்களும் கூட்டுவார்கள், ஆறு மாதத்தில் எல்லோரும் உச்சத்தில் கத்திக்கொண்டு பழைய வேகத்திலேயே இருப்பீர்கள்.

வைஃபை ரேடியோ பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சேனலில் இன்னொரு வைஃபை −82 டிபிஎம் அளவுக்குக் கேட்டாலே காத்திருக்கும். வைஃபை அல்லாத சத்தத்துக்கு அந்த எல்லை −62. ஆகவே நீங்கள் பவரைக் கூட்டும்போது உங்கள் லிங்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத தூரத்து ரேடியோவும் வாய்மூடி நிற்கிறது. அவர் கூட்டினால் நீங்கள் நிற்பீர்கள்.

அறிகுறி: ஒரு திசை மட்டும் மெதுவு

பாதை இழப்பு இரு திசைக்கும் ஒன்றே. இரு முனையிலும் ஒரே பவர் வைத்தும் ஒருவர் −55, மற்றவர் −63 கேட்கிறார் என்றால் ஒரு ரேடியோவின் அனுப்பும் பகுதியோ பெறும் பகுதியோ பழுது, அல்லது யாரோ பவர் அமைப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள். இருவரும் −55 கேட்டும் வீதம் மட்டும் வேறுபட்டால், மெதுவான திசையில் கேட்கும் முனையில் குறுக்கீடு.

கட்டடத்துக்குள் இருக்கும் ஆக்சஸ் பாயிண்ட்டில் (வைஃபை தரும் கருவி) இது வேறு வேஷத்தில் வரும். போனில் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும், அழைப்பில் எதிரில் இருப்பவருக்குக் குரல் உடைந்து கேட்கும். ஆக்சஸ் பாயிண்ட் ஒலிபெருக்கியில் பேசுகிறது, போன் தன் சின்ன பேட்டரியில் முனகுகிறது. ஆக்சஸ் பாயிண்ட் பவரைப் போனின் பவருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கவனியுங்கள், இதனால் போனின் குரல் உயர்ந்துவிடாது. நடப்பது வேறு: தூரத்து ஆக்சஸ் பாயிண்ட் பலமாகக் கேட்பதால் அதையே பிடித்துக்கொண்டிருந்த போன், இப்போது அதை விட்டு அருகில் உள்ளதற்குத் தாவும். அருகில் வேறொன்று இல்லையென்றால் பவரைக் குறைத்துப் பயனில்லை, இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட்தான் வழி.

அறிகுறி: அதே டவரில் புது செக்டர் ஏற்றியதும் பழையது படுத்துவிட்டது

செக்டர் என்பது டவரிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்துப் பல வாடிக்கையாளர்களோடு பேசும் ரேடியோ. இது வெளியாள் செய்த குறுக்கீடு இல்லை, நம்முடையதே. ஒரே கம்பத்தில் ஒரு ரேடியோ பேசும்போது இன்னொன்று கேட்க முயல்கிறது. எதிர்முனையிலிருந்து வருவது −60, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் கூட்டாளியிடமிருந்து கசிவது அதைவிடப் பல மடங்கு பலம். சந்தேகத்தை உறுதி செய்வது சுலபம்: புது செக்டரை ஒரு நிமிடம் அணையுங்கள், பழையது எழுந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

செங்குத்து இடைவெளியை அதிகமாக்குங்கள். பக்கவாட்டில் தள்ளி வைப்பதைவிட மேலும் கீழுமாகப் பிரிப்பது நல்ல பலன் தரும். இரு சேனல்களுக்கும் நடுவில் குறைந்தது ஒரு சேனல் அகலம் காலியாக விடுங்கள். ரேடியோவில் ஜிபிஎஸ் ஒத்திசைவு இருந்தால் எல்லா செக்டரும் ஒன்றாகப் பேசி ஒன்றாகக் கேட்கும். அதற்கு அனுப்பும் நேரம், பெறும் நேரம் இரண்டின் விகிதமும் ஃபிரேம் நீளமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் 75/25, மற்றதில் 50/50 என்று இருந்தால் ஒத்திசைவு போட்டதன் பயனே போய்விடும்.

அப்புறம் கிளையன்ட் (வாடிக்கையாளர் முனை ரேடியோ) பக்கப் பவர். முந்நூறு மீட்டரில் உள்ள கிளையன்ட்டும் ஐந்து கிலோமீட்டரில் உள்ள கிளையன்ட்டும் ஒரே பவரில் பேசினால், அருகில் உள்ளவர் பக்கத்து செக்டர் வரை காதைக் கிழிப்பார். எல்லாக் கிளையன்ட்டுகளும் டவரில் ஏறத்தாழ ஒரே அளவில், சொல்லப்போனால் −58 முதல் −62 வரைக்குள், வந்து சேரும்படி ஒவ்வொருவர் பவரையும் இறக்குங்கள். செல்போன் உலகம் இதை எப்போதோ கற்றுக்கொண்டது. மூன்றாம் தலைமுறையின் டபிள்யூசிடிஎம்ஏவில் போனின் பவர் நொடிக்கு 1500 தடவை திருத்தப்பட்டது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசியதால், ஒருவர் கத்தினால் மற்ற அனைவரும் மூழ்கிவிடுவார்கள்.

அறிகுறி: கிளையன்ட்டுகள் தனித்தனியே நன்றாக ஓடுகின்றன, சேர்ந்தால் சரிகின்றன

மறைந்த முனை. இரு கிளையன்ட்டுகள் ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் ஒரே நேரத்தில் டவரிடம் பேசுகின்றன. பவர் இதற்கு மருந்தில்லை. வெறும் வைஃபை முறையில் ஓடினால் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் (அனுமதி கேட்டுவிட்டுப் பேசும் முறை) போடுங்கள், கொஞ்சம் உதவும். டவர் முறை வைத்துக் கூப்பிடும் டிடிஎம்ஏ முறைக்கு மாறினால் தீரும்.

அறிகுறி: மழை பெய்தால் விழுகிறது

5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர் லிங்க்கை மழைத்துளிகள் மட்டும் வீழ்த்துவதில்லை. 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் மழை நிஜமான எதிரி, அங்கே ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு சுமார் 15 டெசிபல் விழுங்குகிறது. 5-இல் மழையோடு சிக்னல் விழுந்தால் அது எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். மழை விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினால் நனைந்த இலைகள் அல்லது ஆன்டெனா மூடியில் ஒட்டிய நீர். இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு மெல்லத் திரும்பினால் தண்ணீர் கனெக்டருக்குள் போயிருக்கிறது.

அப்படி ஒன்றில் நான் மூன்று வாரம் பவரை ஏற்றி இறக்கி விளையாடினேன். கடைசியில் மேலே ஏறி எட்டு வருடப் பழைய ரப்பர் டேப்பை அறுத்தபோது உள்ளிருந்து ஒரு சொட்டு நீர் கையில் விழுந்தது. என்-டைப் (N-type) கனெக்டரின் நடு ஊசி பச்சை பூத்திருந்தது. கேபிளின் வெளிப்பின்னல் ஒரு சாண் வரை கறுத்துப்போயிருந்தது. கனெக்டரை மட்டும் மாற்றினால் போதாது, கறுத்த நீளம் முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று படியும், நீர் வழிந்து இறங்கும். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள்.

அறிகுறி: திடீரென்று அறுந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து வேறு சேனலில் எழுகிறது

டிஎஃப்எஸ், அதாவது ரேடாருக்கு வழிவிட்டுச் சேனல் மாறும் விதி. 5 கிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதியை வானிலை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் துடிப்பு கேட்டால் ரேடியோ 10 நொடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும், 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. புதிய சேனலும் ரேடார் பகுதியில் இருந்தால் 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ஐரோப்பிய விதியில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை அந்தக் காத்திருப்பு 10 நிமிடம். பதிவேட்டில் ரேடார் என்ற சொல்லைத் தேடுங்கள். அதே கம்பத்தில் உள்ள உங்கள் இன்னொரு ரேடியோவின் கசிவையே ரேடார் என்று எண்ணி ஓடுவதும் உண்டு, மேலே சொன்ன இடைவெளி வேலையைச் செய்தால் அது நிற்கும். நிஜ ரேடார் என்றால் டிஎஃப்எஸ் இல்லாத சேனலுக்குப் போங்கள்.

ரேடியோவில் நாட்டுக் குறியை (எந்த நாட்டு விதி என்று சொல்லும் அமைப்பு) மாற்றி இதை முடக்குபவர்கள் இருக்கிறார்கள். 30 டிபிஐ டிஷ் மாட்டிவிட்டு கெயினை 0 என்று எழுதிப் பவரை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். சட்டம் பார்ப்பது ரேடியோவின் பவரை மட்டும் இல்லை, ஆன்டெனா கெயினையும் சேர்த்து வெளியே போகும் மொத்தத்தை. உங்கள் நாட்டு விதியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். விமானிகள் பார்க்கும் புயல் படத்தில் உங்கள் லிங்க் ஒரு கோடாக விழுவது பெருமை இல்லை.

அறிகுறி: 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் தொல்லை

1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். 3-இல் போட்டால் 1-க்கும் 6-க்கும் சேர்த்துத் தொல்லை. மைக்ரோவேவ் அடுப்பு, ரூட்டரில் செருகிய யூஎஸ்பி 3 டிஸ்க் இரண்டையும் தள்ளி வைத்துப் பாருங்கள். பழைய 1 மெகாபிட் வீதத்தை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு நெட்வொர்க் பெயரும் நொடிக்குப் பத்துத் தடவை அந்த மெதுவான வீதத்தில் தன்னை அறிவித்துக்கொள்ளும் நேரம் மிச்சமாகும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் வேகம் எப்போதும் 94 மெகாபிட்டில் நிற்கிறது

ரேடியோவை விட்டு இறங்குங்கள். இது பவரும் இல்லை, குறுக்கீடும் இல்லை. ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்டில் ஒப்பந்தமாகியிருக்கிறது. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி எங்கோ விட்டிருக்கிறது. போர்ட் நிலையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஜாக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். முதலில் மேல் முனை, அங்கேதான் தண்ணீர் இறங்கும்.